நல்ல பற்கள் மூன்று

ஜூன் 3

இடது பக்கக் கீழ்க் கடவாய்ப்பல்லில் மூன்று வாரமாக வலி. இருபத்தொன்பது வருஷமாக அடுத்தவர் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருப்பவன், இன்று நோயாளியின் நாற்காலியில் நானே சாய்ந்து உட்கார்ந்தேன். ரெஜினா எக்ஸ்ரே எடுத்தார். பதினெட்டு வருஷமாக என் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறவர், என் வாய்க்குள் பார்த்தது இதுதான் முதல் தடவை.

படத்தில் ஒன்றும் இல்லை. சொத்தை இல்லை, வேரடியில் சீழ் இல்லை. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய விரிசலாக இருக்கலாம். பழனியில் இருக்கும் நண்பரிடம் போய் வேர் சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

ஜூன் 8

மகளின் பிரசவத்துக்காகப் புனே போயிருக்கும் கௌசல்யா போனில் பேசினாள். வலியைச் சொன்னேன். "தூங்கும்போது நறநறன்னு பல்லைக் கடிக்கிறீங்களே, அதனால இருக்கும். கல்யாணமான நாள்லேர்ந்து கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்" என்றாள். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்றேன். சொல்லியிருக்கிறாளாம். நான் சிரித்தேனாம்.

ஜூன் 9

எனக்கு நானே அளவெடுத்து ஒரு நைட் கார்டு, தூங்கும்போது பற்கள் மேல் மாட்டிக்கொள்கிற உறை, செய்துகொண்டேன். மெத்தென்ற பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி அச்சின் மேல் அழுத்தினால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பல் கடிக்கிறேன் என்று வருகிற எல்லோருக்கும் இதைத்தான் கொடுத்து அனுப்புகிறேன்.

ஜூன் 25

மெத்தென்ற கார்டு சரிப்படவில்லை. வாயில் மெல்லுவதற்கு ஏதோ கிடைத்த மாதிரி இன்னும் பலமாகக் கடிக்கிறேன் போலிருக்கிறது. பதினாறு நாளில் இரண்டு இடத்தில் ஓட்டை. காலையில் கொட்டாவி விட முடியவில்லை. காதுக்கு முன்னால் ஆணி அடித்த மாதிரி வலி.

ஜூலை 2

வேறு வகை செய்துகொண்டேன். முன்பற்களில் மட்டும் மாட்டுகிற சின்னக் கட்டை. பின்பற்கள் ஒன்றையொன்று தொடவே முடியாது. மூன்று நாளாக வலி பாதியாகிவிட்டது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

ஜூலை 16

வலி போன மாதிரி போய்த் திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு புதுத் தொல்லை: வாயை மூடினால் பின்பற்கள் முன்போலச் சேரவில்லை. நான் அந்தக் கட்டையைப் பகலிலும் போட்டுக்கொண்டது தப்பு.

மதியம் தயிர்சாதத்தை நான் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ரெஜினா, "சார், மதுரைக்குப் போய் ஃபர்ஹானா டாக்டரைப் பாருங்க" என்றார். படிப்பு முடித்த புதிதில் ஒரு வருஷம் என்னிடம் வேலை பார்த்த பெண். இப்போது தாடை வலிக்கு மட்டுமே வைத்தியம் பார்க்கிறாள். அவளிடம் நான் போய் உட்காருவதா என்று இருந்தது. சரி என்றேன்.

ஜூலை 18

மதுரை போய் வந்தேன்.

ஃபர்ஹானா எக்ஸ்ரேயைக் கையில் வாங்கி அப்படியே மேஜையில் வைத்துவிட்டாள். முதலில் அரை மணி நேரம் கேள்விகள்தான். எப்போது வலிக்கிறது, வாய் எவ்வளவு திறக்கிறது, தாடை சொடுக்குகிறதா, பகலில் கடிக்கிறேனா. பகலில் இல்லை என்றேன். "இப்பவே கடிச்சுக்கிட்டுத்தான் சார் இருக்கீங்க" என்றாள். கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் செய்துகொண்ட இரண்டையும் மேஜையில் வைத்தேன்.

"சார், ஒன்றரை மாசத்துல ரெண்டு மாட்டிப் பார்த்துட்டீங்க. யாராவது உங்க தாடையைத் தொட்டுப் பார்த்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. நானே பார்க்கவில்லை.

எழுந்து வந்து என் இடது கன்னத்தின் தசையை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள். பல்லில் சுரீரென்றது. ஜூன் மாதம் எக்ஸ்ரே எடுத்துத் தேடிய அதே பல்.

"எங்க வலிக்குது?"

"பல்லுல."

"நான் பல்லைத் தொடவே இல்லையே சார். பல் நல்லா இருக்கு. தசையோட வலியைப் பல்லு சொல்லுது. நிறையப் பேருக்கு இது தெரியாம நல்ல பல்லையே எடுத்துடுறாங்க."

அவள் யாரையும் நினைத்துச் சொல்லவில்லை. பிறகு கடினமான ஸ்பிளிண்ட் பற்றி விளக்கினாள். மேல்பற்கள் அத்தனையையும் மூடி, கடிக்கும் பக்கம் சமதளமாக, எல்லாப் பல்லும் ஒரே அளவில் படுகிற மாதிரி, இரண்டு மூன்று தடவை வரச்சொல்லித் தேய்த்துச் சரிபார்த்துக் கொடுப்பது. பகலில் உதடு மூடியிருக்க வேண்டும், பற்கள் தொடக் கூடாது. வெந்நீர் ஒத்தடம். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன், பாதி காதில் விழவில்லை.

திண்டுக்கல் வரும்வரை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரே ஒரு முகத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். பெயர் உடனே ஞாபகம் வரவில்லை. ஒட்டன்சத்திரத்தில் இறங்கும்போது வந்துவிட்டது.

ஜூலை 19

பழைய அட்டையைத் தேடி எடுத்தேன். செங்கமலம், வயது 33. எட்டு வருஷத்துக்கு முன்பு வந்தவர். இடது பக்கக் கீழ்க் கடவாய்ப்பல் வலி. எக்ஸ்ரேயில் குறை இல்லை. வேர் சிகிச்சை. வலி குறையவில்லை. பல் எடுக்கப்பட்டது. அடுத்த பல்லில் வலி. எடுக்கப்பட்டது. மேல் கடவாய்ப்பல்லில் வலி. எடுக்கப்பட்டது. எல்லாம் ஐந்து மாதத்துக்குள். அத்தனையும் என் கையெழுத்து.

அந்த அம்மாதான் பிடிவாதம் பிடித்தார். பல்லை எடுத்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்துகொண்டால் நான் என்ன செய்ய முடியும்? அந்தக் காலத்தில் இதையெல்லாம் யாரும் பெரிதாகப் பேசவும் இல்லை.

ஜூலை 22

நேற்று எழுதியதைப் போல ரெஜினாவிடமும் சொன்னேன். கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"இல்ல சார். அந்தப் பொண்ணு பல்லு வேணும்னுதான் அழுதுச்சு. ரெண்டாவது பல்லுக்கு, 'கொஞ்ச நாள் பார்க்கலாமா டாக்டர்'னு கேட்டுச்சு. நீங்கதான் எடுத்துட்டா நிம்மதின்னு சொன்னீங்க. நான் பக்கத்துல டிரேயைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் மூணும் எடுத்தும் வலி போகலன்னு வந்தப்ப, மனசுலதான் வலின்னு அது வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்க."

இதைப் பதினெட்டு வருஷமாக என் பக்கத்தில் நிற்கிற ஒருவர் எட்டு வருஷமாக மனதில் வைத்திருந்திருக்கிறார். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்கவில்லை. கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று தெரியும்.

('நேற்று' என்று மேலே எழுதிவிட்டேன். மூன்று நாள் ஆகிவிட்டது ரெஜினாவிடம் சொல்ல.)

ஆகஸ்ட் 5

ஸ்பிளிண்ட் வந்துவிட்டது. முதல் நாள் ஃபர்ஹானா நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்லி, புள்ளி அழுத்தமாக விழுந்த இடங்களையெல்லாம் தேய்த்து எடுத்தாள். ஒரு மணி நேரம். நான் ஒரு நோயாளிக்கும் இவ்வளவு நேரம் செலவழித்ததில்லை.

ஆகஸ்ட் 14

ரெஜினா விசாரித்துவிட்டார். செங்கமலம் கள்ளிமந்தயம் போகும் வழியில் ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு சமையல் உதவியாளர். கணவர் வீரணன் காய்கறி மண்டியில் எடை போடுகிறவர்.

மருத்துவ ரீதியாகப் பின்தொடர்ந்து பார்ப்பது நல்லதுதானே. அடுத்த வாரம் போகலாம்.

ஆகஸ்ட் 23

போனேன்.

பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சமையற்கூடத்துக்கு வெளியே குழாயடியில் பெரிய அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஈரக் கை தானாகவே இடது கன்னத்துக்குப் போனது. எட்டு வருஷத்தில் அந்தப் பக்கம் உள்வாங்கிவிட்டிருக்கிறது. நாற்பத்தொரு வயது. ஐம்பது சொல்லலாம்.

"பல் டாக்டருங்களா?" என்றார்.

"ஆமாம்மா. சும்மா… உங்க வலி இப்ப எப்படி இருக்குன்னு கேட்டுட்டுப் போகலாம்னு."

"எட்டு வருசம் கழிச்சா?"

நான் தயாரித்துக்கொண்டு போனதெல்லாம் அங்கேயே தீர்ந்துவிட்டது. மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். உங்கள் பற்கள் மூன்றும் நல்ல பற்கள். வலி தாடைத் தசையில், மூட்டில். நான் தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. எனக்கே அந்த வலி வந்த பிறகுதான் தெரிந்தது.

குழாயை மூடினார். அண்டாவைக் கவிழ்த்தார். என் எதிரில் இருந்த படியில் உட்கார்ந்தார்.

"இப்பவும் வலிக்குதுங்க. காலையில எந்திரிச்சா வாய் தொறக்காது. சோத்தைக் கரைச்சுத்தான் குடிக்கிறேன். சொல்றதில்லை யார்கிட்டயும்."

"மதுரையில ஒரு டாக்டர் இருக்காங்க. வாய்க்குள்ள மாட்டுற மாதிரி ஒரு ஸ்பிளிண்ட்…"

"பல்லு போகட்டும் டாக்டர்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "கடைசித் தடவை வந்தப்ப என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"மனசுலதான் வலின்னு…"

"அது மட்டும் இல்லைங்க. 'வீட்டுல நம்மளைக் கவனிக்கணும்னு சில பொம்பளைங்க இப்படிப் பண்ணுவாங்க'ன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்க. சொல்லிட்டுச் சிரிச்சீங்க. அவரும் சிரிச்சாரு. அன்னையிலேர்ந்து எங்க வீட்டுல நான் நடிக்கிறவ. முதுகு வலின்னாலும் நடிப்பு. காய்ச்சல்னாலும் தொட்டுப் பாத்துட்டுத்தான் நம்புவாரு. என் பொண்ணுகூட, சின்னதுல, 'அம்மா நடிக்குது'ன்னு சொல்லும்."

ரெஜினா பாதிதான் சொல்லியிருக்கிறார். மிச்சத்தை என்னிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. எனக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் இல்லை. ஆனால் அது என் சிரிப்புதான். இன்னும் எத்தனை பேரிடம் சிரித்தேன்?

"நான் என்ன செய்யணும்மா?"

"எங்க வீட்டுக்கு வந்து அவர்கிட்ட சொல்லுங்க. என்கிட்ட இப்பச் சொன்னீங்கள்ல, அதே மாதிரி. அவர் நம்பினாத்தான் நான் மதுரைக்கு வர முடியும். நடிக்கிறவளுக்கு எதுக்கு வைத்தியம்பாரு."

வருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 30

போகவில்லை. இரண்டு பேருக்குப் பல் கட்ட வேண்டியிருந்தது.

செப்டம்பர் 3

காலையில் வலியே இல்லாமல் எழுந்தேன். முறுக்குகூடக் கடிக்க முடிந்தது. கௌசல்யாவிடம் சொன்னபோது சந்தோஷப்பட்டாள். நான் அவ்வளவாகப் படவில்லை.

செப்டம்பர் 8

மழை.

செப்டம்பர் 12

ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. லெட்டர்ஹெட்டில், மருத்துவச் சொற்களோடு. வீரணனும் மரியாதையாக எடுத்துக்கொள்வார். ரெஜினாவிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார். "இதுல நீங்க எங்க சார் இருக்கீங்க?" என்றார்.

செப்டம்பர் 19

செங்கமலத்துக்குத் தாடை பூட்டிக்கொண்டுவிட்டதாம். ஒரு விரல் அளவுக்கு மேல் வாய் திறக்கவில்லையாம். நான்கு நாளாகக் கஞ்சி. ரெஜினாவின் தங்கை அந்தப் பக்கம் இருக்கிறவர், அவர் சொல்லி அனுப்பினார். "புதுசா ஒரு நடிப்பு" என்று வீட்டில் பேச்சாம்.

நான் ஆகஸ்ட் கடைசியில் போயிருந்தால் இந்நேரம் ஸ்பிளிண்ட் கையில் இருந்திருக்கும். மழை, பல் கட்டுவது, கடிதம். இருபத்தேழு நாள். இதற்கு எட்டு வருஷத்துக்கு முந்தைய அறியாமையைச் சாக்குச் சொல்ல முடியாது. இந்த இருபத்தேழு நாளும் எனக்கு எல்லாம் தெரியும்.

செப்டம்பர் 20

வீரணன் மண்டியிலிருந்து வருகிற நேரம் பார்த்து மதியம் போனேன். ரெஜினா தானாகவே கூட வந்தார்.

ஓட்டு வீடு, முன்னால் சிமெண்ட் வாசல். வீரணன் என்னை அடையாளம் கண்டு அவசரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்க டாக்டர். இவ மறுபடி உங்ககிட்டச் சொல்லி அனுப்பினாளா? உங்களுக்கு எதுக்குங்க இந்தத் தொந்தரவு" என்றார். எனக்காக வெட்கப்பட்டார் அந்த மனிதர். செங்கமலம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆரம்பித்தேன். "அப்ப எங்களுக்கு இந்த வசதிகள் எல்லாம் இல்லை. தாடை மூட்டு பத்தின ஆராய்ச்சி இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா…"

"அப்படி இல்லைங்க டாக்டர்." பல் இடுக்கில்தான் பேச முடிந்தது செங்கமலத்துக்கு. ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது. "என்கிட்ட சொன்ன மாதிரி சொல்லுங்க."

ரெஜினா என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். "வீரணன், உங்க மனைவியோட மூணு பல்லு நல்ல பல்லு. நான் தப்பா எடுத்துட்டேன். அவங்க வேண்டாம்னு கேட்டாங்க, நான் கேக்கல. வலி போகாததும் எனக்குக் காரணம் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, அவங்க மேல பழியைப் போட்டேன். அவங்களுக்கு இருக்கிறது நிஜமான வலி. அன்னைக்கும் நிஜம்தான், இன்னைக்கும் நிஜம்தான். அவங்க ஒருநாளும் நடிக்கல."

வீரணன் திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்கிற மனநிலையில்தான் இருந்தேன். அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"எங்கம்மா காரியத்தன்னைக்கு அடுப்பங்கரையில கீழ சுருண்டு படுத்துக்கிட்டியே… அன்னைக்கும் வலிதானா?"

"ஆமா."

"சொந்தக்காரங்க எல்லாரு முன்னாடியும் உன்னைய…"

"ஆமா."

"நாலு மாசம் பேசாம இருந்தேனே."

அதற்குச் செங்கமலம் ஆமாம் சொல்லவில்லை. வீரணன் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாதவர் மாதிரி இருந்தார். பிறகு, "மதுரைக்கு எப்பப் போகணுங்க?" என்று கேட்டார். என்னிடம் அல்ல, ரெஜினாவிடம்.

செப்டம்பர் 24

மதுரை. வீரணனும் வந்திருந்தார். பஸ்ஸில் நான் முன்னால், அவர்கள் பின்னால்.

ஃபர்ஹானா செங்கமலத்தின் தாடையைத் தொட்டு, கழுத்தைத் தொட்டு, காதருகே விரல் வைத்து, முழுக்கப் பார்த்தாள். "இங்க வலிக்குதா? இங்க?" என்று அவள் கேட்க, ஒவ்வொன்றுக்கும் செங்கமலம் கணவரை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார். ஐந்தாவது தடவை வீரணன், "என்னையப் பாக்காத. அவங்ககிட்டச் சொல்லு" என்றார்.

வெளியே வந்து ஃபர்ஹானாவிடம் தனியாகச் சொன்னேன்: "முன்பல் கட்டை கொடுக்கலாமே. எனக்கு மூணே நாள்ல வலி பாதியா குறைஞ்சுது."

"உங்களுக்குத் தசையில வலி சார். இவங்களுக்கு மூட்டுலயே பிரச்சினை, பூட்டிக்குது. முன்பல்லுல மட்டும் தாங்கினா மூட்டு மேலதான் பாரம் போகும். மெத்தென்னு இருக்கிறதும் வேண்டாம்." கொஞ்சம் தயங்கினாள். "இடது பக்கம் கீழ ரெண்டு, மேல ஒண்ணு இல்ல. அந்தப் பக்கம் தாடையைத் தாங்க எதுவுமே கிடையாது. எட்டு வருஷமா வலது பக்கம் மட்டும் பாரம் தாங்குது. மூட்டு இப்படி ஆனதுல அதுக்கும் பங்கு இருக்கலாம் சார்."

"நான்…"

"தெரியும் சார். ரெஜினாக்கா சொன்னாங்க."

கீழ்த்தாடைக்குத்தான் ஸ்பிளிண்ட். கடினமானது, எல்லாப் பல்லையும் மூடுவது. இல்லாத இரண்டு பல்லின் இடத்தையும் நிரப்பி, இரண்டு பக்கமும் சமமாகப் படுகிற மாதிரி. முதலில் ஒத்தடமும் மருந்தும் பயிற்சியும். வாய் கொஞ்சம் திறந்த பிறகு அளவு. அவசரப்படுத்தக் கூடாது என்றாள். அதை என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

அக்டோபர் 21

செங்கமலத்துக்கு ஸ்பிளிண்ட் மாட்டியாயிற்று என்று ஃபர்ஹானா செய்தி அனுப்பினாள். மூன்று விரல் அளவு வாய் திறக்கிறதாம்.

அக்டோபர் 29

பழைய அட்டைகளை வருஷ வாரியாக எடுத்துப் பார்க்கிறேன். எக்ஸ்ரேயில் குறையில்லாமல் பல் எடுத்தவர்கள். இதுவரை பதினொரு பேர். ரெஜினா நம்பர் தேடித் தருகிறார். இரண்டு நம்பர் உபயோகத்தில் இல்லை. ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர், "அதெல்லாம் எதுக்கு டாக்டர் இப்ப?" என்று வைத்துவிட்டார்.

நவம்பர் 17

ஃபர்ஹானா போன் செய்தாள். வலி பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. முழுக்கப் போகுமா என்று சொல்ல முடியாது, மூட்டு தேய்ந்தது தேய்ந்ததுதான். பத்து நாளைக்கு ஒரு தடவை ஸ்பிளிண்டைத் தேய்த்துச் சரிபார்க்க வேண்டும். ஆறு மாதமாவது ஆகும்.

"அவ்வளவு தூரம் ஏன் வரணும், ஒட்டன்சத்திரத்துலயே நம்ம டாக்டர்கிட்டப் பாத்துக்கலாமான்னு அவங்க வீட்டுக்காரர் கேட்டார் சார். உங்களுக்கு எப்படிச் செய்யணும்னு நான் சொல்லித் தரேன்னு சொன்னேன்."

"செங்கமலம் என்ன சொன்னாங்க?"



"வேணாம்னுட்டாங்க சார். பஸ்ல ரெண்டரை மணி நேரம்னாலும் பரவால்ல, இங்கயே வரேன்னாங்க."

நல்லது, அப்படியே செய் என்றேன். போனை வைத்த பிறகு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். பல் வலி என்று வந்திருந்த ஒரு பெண்மணி. அவர் கையில் எக்ஸ்ரே இருந்தது. அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்டேன். அவர் சொல்லி முடிக்க இருபது நிமிஷம் ஆனது.